கால் போன போக்கில் கிளம்பலாமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு எங்கேயாவது கிளம்பிடணும் போல இருக்கு." முப்பதைத் தாண்டிய ஒருவர் இப்படிச் சொல்லும்போது அவர் போனில் பெரும்பாலும் ஏதோ ஒரு டிக்கெட் பக்கம் திறந்தே இருக்கும். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே விரல் நிற்கும். அப்புறம் லீவு, கடன் தவணை, பிள்ளையின் பரீட்சை, அம்மாவின் மாத்திரை என்று ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். பக்கம் மூடப்படும். மூன்று மாதம் கழித்து அதே பக்கம் மறுபடி திறக்கும்.

இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டு, "எப்படிப் போனால் நிஜமான சாகசமாக இருக்கும்?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. எதையும் யோசிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. போகும் நாள், திரும்பும் நாள் இரண்டை மட்டும் முடிவு செய்துவிட்டு நடுவை விட்டுவிடுவது. யாரோ ஏற்பாடு செய்த சாகசப் பயணத்தில் சேர்ந்துகொள்வது. கடைசியாக, வேலை முடிந்த மாலையில் கிளம்பி மறுநாள் காலை திரும்பும் ஓர் இரவுப் பயணம்.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது.

## கிளம்பச் சொல்லும் அரிப்பு எது என்று முதலில் பாருங்கள்

மார்வின் ஸக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் சிலிர்ப்பைத் தேடும் குணத்தை அளக்க 1964இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். பிற்பாடு அந்தக் குணத்தை நான்காகப் பிரித்தார்: உடம்பை ஆபத்தின் ஓரம்வரை கொண்டுபோகும் ஆசை, புது அனுபவங்கள் மேல் நாட்டம், கட்டுகளை அவிழ்த்துவிட்டுத் திரியும் விருப்பம், சலிப்பைத் தாங்க முடியாமை. பொதுவாக, வயது ஏற ஏற இந்தத் தேடல் தணியும்.

நான் பார்த்தவரை, நடுவயதில் கிளம்பத் துடிப்பவர்கள் பலருக்கு இருப்பது நான்காவது. அதை முதலாவது என்று நினைத்துக்கொண்டு, காலில் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து குதிக்கப் பணம் கட்டுகிறார்கள். குதித்து முடிக்கச் சில விநாடி. திரும்பி வந்தால் திங்கட்கிழமை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். சலிப்புக்கு உயரம் மருந்தாகாது. அதற்கு வேண்டியது, நாளை என்ன நடக்கும் என்று தெரியாத சில நாட்கள்.

## எதை வைத்து எடை போடுவது

சாகசம் என்று நான் சொல்வது இதைத்தான்: எப்படி முடியும் என்று தெரியாத ஒரு காரியத்தில், நீங்கள் எடுக்கும் முடிவால் அடுத்த சில மணி நேரம் மாற வேண்டும். வேறொருவர் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டால் அது காட்சி. எதுவுமே உங்கள் கையில் இல்லையென்றால் அது விபத்து. அதனால் முதல் அளவுகோல், முடிவு யார் கையில் இருக்கிறது என்பது.

இரண்டாவது, தவறினால் திரும்ப வழி உண்டா என்பது. ஆழம் தெரியாமல் காலை விடலாம், மற்றொரு கால் கரையில் இருந்தால்.

மூன்றாவது, டிக்கெட் விலையில் தெரியாத செலவு. இதில்தான் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான்காவது, நீங்கள் இல்லாத நாட்களை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்பது. இருபது வயதில் இந்தக் கேள்வி கிடையாது. அந்த வயதில் திடீரென்று கிளம்புவது உங்கள் துணிச்சல். நாற்பதில் அதே காரியத்தின் பாதிப் பாரம் இன்னொருவர் தோளில் ஏறுகிறது. அவரிடம் நீங்கள் கேட்டிருக்கக்கூட மாட்டீர்கள்.

## வழி 1: பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது

பேச்சில் இதற்கு இருக்கும் அழகு வேறு எதற்கும் இல்லை. நிலையத்தில் போய் நின்று, அடுத்து புறப்படும் வண்டியில் ஏறுவது. ஒரு வழி டிக்கெட். எங்கே இறங்கினாலும் சரி.

முதல் நாள் நிஜமாகவே பறப்பது போல இருக்கும். இரண்டாம் நாள் மதியத்திலிருந்து வேறொன்று ஆரம்பிக்கும்: இன்று ராத்திரி எங்கே படுப்பது? நான் ஒரு முறை ஒன்பது நாள் இப்படித் திரிந்தேன். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால், தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அறை தேடுவதிலும் அடுத்த வண்டி நேரம் பார்ப்பதிலும் போயிருந்தது. ஓர் இரவு கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, பூட்டிய கடை வாசலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். கதையாகச் சொல்ல நன்றாக இருக்கிறது. அன்றைக்கு அது வெறும் முதுகுவலி.

இன்னொன்றையும் அந்தப் பயணத்தில் கவனித்தேன். நீங்கள் திட்டம் போடாவிட்டால் உங்கள் போன் போட்டுவிடும். களைத்துப்போய் ஓர் ஊரில் இறங்கியதும் கை தானாக மேப்பைத் திறக்கிறது. அதிக நட்சத்திரம் வாங்கிய விடுதி, முதல் வரிசையில் வரும் பத்து இடங்கள். எல்லாரும் போகும் பாதையில்தான் நானும் போனேன், கொஞ்சம் அதிகப் பணம் கொடுத்து.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். கடைசி நேர விமானக் கட்டணம் பெரும்பாலும் ஏறியே இருக்கும். எல்லை தாண்டினால் கதை இன்னும் நீளும்:

- பல நாடுகள் நீங்கள் நுழையும்போது பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. மூன்று மாதம் மட்டும் இருந்தால் விமானத்தில் ஏறவே விட மாட்டார்கள்.
- ஒரு வழி டிக்கெட்டோடு போனால், எப்போது வெளியேறுவீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்கலாம். அங்கேயே நின்று ஏதோ ஒரு டிக்கெட்டை வாங்க வேண்டி வரும்.
- மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடுகள் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். இன்று போட்டுக்கொண்டு நாளை கிளம்ப முடியாது.
- வெளிநாட்டில் வண்டி ஓட்டத் தேவைப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை, உங்களுக்கு உரிமம் கொடுத்த நாட்டில்தான் வாங்க முடியும். அது இல்லாமல் பைக் வாடகைக்குக் கிடைக்கலாம். விழுந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

உயரமும் அப்படித்தான். விமானம் ஏறி நேராக லடாக்கின் லேயில் இறங்கினால் சுமார் 3,500 மீட்டர், பெருவின் குஸ்கோவில் சுமார் 3,400, பொலிவியாவின் எல் ஆல்டோவில் 4,000க்கும் மேல். மலைநோய் 2,500 மீட்டரிலிருந்தே வரலாம். 3,000 மீட்டருக்கு மேலே, நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு என்பது மலைமருத்துவர்கள் சொல்லும் கணக்கு. "நினைத்தேன், வந்துவிட்டேன்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். உடற்பயிற்சி செய்த உடம்பு என்றும் மலைநோய் சலுகை தருவதில்லை.

அப்படியென்றால் இது யாருக்கு? வேலை மாறும் இடைவெளியில் இருப்பவர், வீட்டில் யாரும் காத்திருக்காதவர், மொழி தெரிந்த பகுதிக்குள் தரைவழியாகப் போகிறவர், கையில் மூன்று வாரமாவது உள்ளவர். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஒன்பது நாளில் இது வெறும் அலைச்சல். ஆறாவது ஏழாவது நாளுக்குப் பிறகுதான் "எங்கே படுப்பது" என்ற பயம் போய் உடம்பு இளகும். எனக்கு அது எட்டாம் நாள் வந்தது. ஒன்பதாம் நாள் திரும்பிவிட்டேன்.

## வழி 2: இரு முனையைக் கட்டி, நடுவை அவிழ்த்துவிடுவது

கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, முதல் இரவு தங்கும் இடம், கடைசி இரவு தங்கும் இடம். இந்த நான்கு மட்டும் உறுதி. நடுவில் உள்ள ஐந்தோ பத்தோ நாட்களுக்கு எழுதிய திட்டம் எதுவும் கிடையாது.

"இது என்ன சாகசம், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு 1889இல் நடந்த ஒரு போட்டியைப் பற்றிப் படித்தேன்.

நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று, ஒரே ஒரு கைப்பையோடு உலகைச் சுற்றக் கிளம்பினார். அதே நாள் மாலை எதிர்த்திசையில் எலிசபெத் பிஸ்லேண்ட் என்ற இன்னொரு பத்திரிகையாளர் புறப்பட்டார். போட்டிப் பத்திரிகை அவரை அனுப்பியது. பிஸ்லேண்டுக்கு விஷயமே அன்று காலையில்தான் தெரியும். முதலில் அவர் மறுத்திருக்கிறார். சொன்ன காரணங்களில் ஒன்று, மறுநாள் வீட்டுக்குத் தேநீர் விருந்தாளிகள் வருகிறார்கள் என்பது. (இதைப் படித்தபோது எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.) பிளைக்கும் கடைசிக் கட்டளை சில நாள் முன்புதான் வந்தது. ஆனால் அந்த யோசனையை அவர் தன் ஆசிரியரிடம் சொல்லி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. மனத்துக்குள் பலமுறை போய் வந்துவிட்டார். அவர் 72 நாளில் திரும்பினார். பிஸ்லேண்ட், கடைசிக் கடலில் வேகமான கப்பல் கிடைக்காமல், 76 நாளில்.

தோற்றவர் சும்மா இல்லை. 76 நாள் என்பதும் அன்றைக்குப் பெரிய காரியம். நான் பார்த்தது வேறு. திட்டம் இல்லாமல் கிளம்புவதும் தயாராக இல்லாமல் கிளம்புவதும் ஒன்றில்லை. பிளை திட்டத்தைச் சுமக்கவில்லை, தயாராக இருந்தார். இருவருக்குமே கப்பல், ரயில் நேரம்தான் முதுகெலும்பு. அதைச் சுற்றி நடந்ததெல்லாம் அந்தந்த நாளில் நடந்தது.

இந்த வழியில் கிடைக்கும் இன்னொரு லாபத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வு, விடுமுறைக்குப் போகப்போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதையும், திரும்பி வந்தபின் பெரும்பாலோரிடம் அந்த வித்தியாசம் காணாமல் போவதையும் கண்டது. மிக நிதானமான விடுமுறை கழித்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதாவது, காத்திருப்பதில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. இன்று நினைத்து நாளை கிளம்புகிறவர் அந்தப் பங்கை அப்படியே விட்டுவிடுகிறார். தேதி மட்டும் குறித்து வைத்திருப்பவருக்கு அதுவும் கிடைக்கிறது, நடுவில் திகைப்பும் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. நடுவைத் திறந்து வைக்க ஒழுக்கம் வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் "சும்மா ஒரு ரூம் மட்டும் பார்க்கலாம்" என்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் ஏழு நாளும் நிரம்பிவிடும். நண்பர் ஒருவர் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்: மூன்று கேள்விகள் மட்டும் எடுத்துப் போவார், இடப்பெயர்கள் வேண்டாம். "இந்த ஆறு எங்கே கடலில் சேருகிறது?" என்பது போல. கேள்விக்குப் பதில் தேடி நடப்பதில் வழி தானாக வரும்.

திரும்பும் தேதி கட்டிப்போடும் என்பதும் உண்மை. ஓர் இடம் பிடித்துப்போய் இன்னும் நாலு நாள் இருக்கலாம் என்று தோன்றும்போது வலிக்கும். தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக வாங்குவதற்கு ஆகும் கூடுதல் பணத்தை இதற்கான செலவாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். போகும் வழியை மாற்றிக்கொண்டு முதல் விமானத்தில் ஏறாமல் விட்டால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணத்தையும் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ரத்து செய்துவிடும். போகவும் வரவும் தனித்தனியாக வாங்குவது சில நேரம் நல்லது.

## வழி 3: ஏற்பாடு செய்த சாகசப் பயணம்

முதல் அளவுகோலில் இதற்கு மதிப்பெண் குறைவு. எப்போது எழுவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் கைடு சொல்வார். பன்னிரண்டு பேர் குழுவில் மெதுவாக நடக்கிறவர்தான் எல்லாருக்கும் வேகம். அதைச் சாகசம் என்று விற்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

ஆனால் சில இடங்களில் பேச்சுக்கே இடமில்லை. கிளிமஞ்சாரோவில் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் ஏற விட மாட்டார்கள். பெருவின் இன்கா பாதையில் கைடு, சுமைதூக்குவோர் எல்லாரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான். அனுமதி மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும், பிப்ரவரியில் பாதையே மூடியிருக்கும். வெள்ளைநீர்ப் படகு, பனிப்பாறை நடை, ஆழ்கடல் முக்குளிப்பு போன்றவற்றில் உங்களுக்குத் தெரியாததுதான் உங்களைக் கொல்லும். அங்கே கைடுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

வீட்டாருக்கும் இது நிம்மதி: எந்த நாள் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு தாளில் கொடுத்துவிடலாம். மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது. விலையில் சேராத உபகரண வாடகை, குழுவுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, தனியாக வருகிறவருக்குத் தனி அறைக்கான கூடுதல் கட்டணம். சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பல நேரம் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது; ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தால் முழுப் பணமும் உங்கள் தலையில். பாலிசியில் உயர வரம்பு எத்தனை மீட்டர் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உடம்பைச் சோதித்துப் பார்க்கும் ஆசைதான் உங்கள் அரிப்பு என்றால், இதுவே சரியான வழி. ஒரு திறமையைக் கற்றுக்கொண்டு திரும்பினால் அடுத்த முறை கைடு இல்லாமல் போகலாம்.

## வழி 4: ஓர் இரவு

ஐந்து மணிக்கு வேலை முடிந்து மறுநாள் ஒன்பது மணிக்கு வேலை தொடங்கினால், நடுவில் பதினாறு மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு குன்றில் ஏறி, திறந்த வானத்தில் படுத்து, விடிந்ததும் இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலைக்குப் போகலாம். மைக்ரோ அட்வெஞ்சர் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் கொஞ்சம் அலட்டல். விஷயம் நல்லது.

லீவு வேண்டாம், விசா வேண்டாம், செலவு அநேகமாக இல்லை, வீட்டுக்கு ஓர் இரவு மட்டும் சுமை. நான்கு வழிகளில் "நிஜமாகவே திடீரென்று" செய்யக்கூடியது இது ஒன்றுதான். மற்ற மூன்றிலும் திடீர் என்பது பாதி நாடகம்.

குறை ஒன்று: பழகிய இடம் என்ற அலட்சியம். பக்கத்தில்தானே என்று டார்ச் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் போவார்கள். நடக்கும் நேரத்தைக் கணிக்க 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவும்: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் நிற்காமல் நடந்தாலே மூன்று மணி நேரம். ஐந்தரைக்குக் கிளம்பினால் கடைசிப் பகுதி இருட்டில்தான். குளிர்ந்த நீர்நிலையில் இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. சுமார் பத்து நிமிடத்தில் கை கால் சொன்னபடி கேட்காது. நீந்தத் தெரிந்தவர்களும் இதில்தான் போகிறார்கள். இடத்தில் இரவு தங்க அனுமதி உண்டா என்பதையும் பகலிலேயே விசாரித்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கால் போன போக்கு | இரு முனை மட்டும் | ஏற்பாட்டுப் பயணம் | ஓர் இரவு |
|---|---|---|---|---|
| முடிவு யார் கையில் | உங்கள் கையில். களைத்தால் போன் கையில் | உங்கள் கையில் | கைடு கையில் | உங்கள் கையில் |
| திரும்ப வழி | நீங்களே தேட வேண்டும் | உறுதி | உறுதி | நடந்தே வரலாம் |
| மறைந்த செலவு | மிக அதிகம் | தேதி மாற்றக் கட்டணம் | உபகரணம், தனி அறை, உயர வரம்பு | தூக்கம் |
| வீட்டுச் சுமை | எவ்வளவு என்றே தெரியாது | எண்ணிய நாட்கள் | எண்ணிய நாட்கள் | ஓர் இரவு |
| குறைந்தபட்ச அவகாசம் | மூன்று வாரம் | ஐந்து நாள் | அவர்கள் சொல்வது | 16 மணி நேரம் |

## யார் எதை எடுப்பது

சின்னக் குழந்தை உள்ளவர்கள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், லீவு கணக்கு இறுக்கமாக உள்ளவர்கள் ஓர் இரவில் தொடங்கலாம். மாதம் ஒன்று என்று மூன்று முறை போய்ப் பாருங்கள். அதிலேயே அரிப்பு அடங்கிவிட்டால் அது சலிப்புதான். பெரிய டிக்கெட்டுக்கான பணம் மிச்சம். அடங்காமல் இன்னும் தூரம் இழுத்தால் இரண்டாவது வழிக்கு வாருங்கள். மலை உச்சியோ கடலடியோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது. முதல் வழியை, வாழ்க்கை தானாக ஓர் இடைவெளி கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியை வலிந்து உண்டாக்க வேலையை விடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அப்படிப் போனவர்களில் சிலர், வழியெல்லாம் போனில் வேலை தேடிக்கொண்டே திரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வழியானாலும் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும்: தலையில் மாட்டும் டார்ச், மழைக்கோட்டு, ஒரு மாற்றுடை, வழக்கமான மருந்து ஐந்து நாளுக்கு, சார்ஜ் ஏறிய பவர் பேங்க், ஆவண நகல்கள். போனில் ஆஃப்லைன் மேப். பாஸ்போர்ட் முடியும் தேதி காலண்டரில், எட்டு மாதம் முன்பே மணி அடிக்கும்படி.

வீட்டில் ஒருவரிடம் ஒரே ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். எந்த நாள், எத்தனை மணிக்குள் குரல் வரவில்லை என்றால் தேட ஆரம்பிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை வாசலில் படுத்த அந்த இரவு நான் அதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. போனில் சார்ஜும் இல்லை. மறுநாள் மதியம் போன் உயிர் பெற்றபோது முப்பத்தொரு தவறிய அழைப்புகள் இருந்தன, அவற்றில் முப்பது ஒரே எண்ணிலிருந்து.